வெள்ளையாக விட்ட இடம்

விலை சொல்வதற்கு முன் என் அக்கா எதிரில் நிற்பவரின் கைகளைப் பார்ப்பாள். வீடு முழுவதும் சுற்றி வந்து, கேமராவுக்கு வயர் எத்தனை மீட்டர் ஓடும், சுவர் செங்கல்லா கான்கிரீட்டா, எத்தனை நாள் பதிவு நிற்க வேண்டும் என்றெல்லாம் கேட்டு முடித்த பிறகு, கண்ணைக் கீழே இறக்கி ஒரு நொடி கைகளைப் பார்ப்பாள். அப்புறம்தான் வாயிலிருந்து தொகை வரும். பதினான்கு வருடமாக அவளுடைய ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் தங்கை நான், இது தவறிப் பார்த்ததில்லை. வாடிக்கையாளர்கள் அதைக் கூச்சம் என்று நினைத்துக்கொள்வார்கள். எங்கள் வீட்டில் கூச்சம் மொத்தமும் என் பங்குக்கு வந்துவிட்டது. அவளுக்கு மிச்சமில்லை.

அந்தப் பார்வை எங்கள் அப்பாவால் வந்தது. அப்பா லாரி மெக்கானிக். வேலை முடிந்து உள்ளே வரும்போது அவர் முகத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது. விரல்கள் தளர்ந்து தொங்கினால் சாப்பாடு கேட்பார். கட்டைவிரல் உள்ளே மடங்கியிருந்தால் அம்மா எங்கள் இருவரையும் பின்பக்கம் தள்ளிவிடுவாள். அம்மாவுக்கு முன்பற்கள் மூன்று கிடையாது. அக்காவுக்குப் பதினேழு நடக்கும்போது ஒரு சாயங்காலம் அவர் அம்மாவின் தலைமுடியைப் பிடித்துக் கதவுநிலையில் இரண்டு தடவை மோதினார். மூன்றாவது தடவைக்குள் அக்கா அவருடைய பெட்டியிலிருந்த பெரிய ஸ்பேனரை எடுத்து அவர் மணிக்கட்டில் அடித்தாள். எலும்பு இரண்டு இடத்தில் விட்டுப்போயிருந்தது. மெக்கானிக்கின் கை போனால் வீட்டில் அடுப்பு எரியாது. எட்டாம் வகுப்பில் இருந்த என் படிப்பு அந்த மாதத்தோடு நின்றது. அப்பா அதற்குப் பிறகு பத்து வருடம் உயிரோடு இருந்தார். யார்மேலும் கை வைக்கவில்லை.

அத்தான் எலெக்ட்ரீஷியன். ட்ரில் பிடிக்கவும் வயர் இழுக்கவும் அக்காவுக்குக் கற்றுக்கொடுத்தது அவர்தான். கல்யாணமாகி இரண்டாம் வருடம், ஒரு மத்தியானம், குழம்பு உப்பாக இருக்கிறது என்று கன்னத்தில் அறைந்தார். மறுநாள் தோள்பட்டையில் கட்டுப் போட்டுக்கொண்டு தன் அம்மா வீட்டுக்குப் போனவர் திரும்பி வரவில்லை. ஜீவனாம்சம் கேட்கவில்லையா என்று அக்கம்பக்கத்தில் கேட்டால் அக்கா சொல்வாள்: “ட்ரில்லையும் ஏணியையும் வச்சுட்டுப் போயிட்டாரே, போதாதா?”

அந்த ட்ரில்லையும் ஏணியையும் வைத்துத்தான் கடை ஆரம்பித்தாள். லாண்டரிக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில், இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் தெருவில் நிற்க வேண்டிய அளவு இடம். வீடுகளுக்கும் சின்னக் கடைகளுக்கும் கேமரா போட்டுத் தருவது தொழில். அளவெடுத்து விலை சொல்வது அக்கா. கொட்டேஷன் எழுதுவது நான். பேச்சு வராது, கையெழுத்து நன்றாக வரும். “என் ஊமைக்கொட்டான் எழுதினா வங்கிக்காரனே கண்ணுல ஒத்திக்குவான்” என்று என்னை வாடிக்கையாளர்கள் முன்னால் கிண்டல் செய்வாள்.

கொட்டேஷனோடு ஒரு படமும் கொடுப்போம். வீட்டின் அறைகளை வரைந்து, ஒவ்வொரு கேமராவுக்கும் எதுவரை தெரியுமோ அதுவரை பென்சிலால் நிழலடிப்பேன். எதற்கும் தெரியாத இடம் வெள்ளையாகவே இருக்கும். அதில் அக்காவும் கையெழுத்துப் போடுவாள், வாடிக்கையாளரும் போடுவார். இந்த ஊரில் வேறு யாரும் அப்படிச் செய்வதில்லை. ஆரம்பத்தில் நாங்களும் செய்யவில்லை. ஒரு பலசரக்குக் கடையில் கேமராவுக்குத் தெரியாத மூலையில் திருட்டுப் போய்விட்டது. கடைக்காரர் தன் தம்பிகள் இருவரோடு வந்து எங்கள் கண்ணாடிக் கதவை நொறுக்கி, அக்காவின் தாடையில் குத்தினார். அக்கா பதிலுக்குக் கேபிள் சுருளால் ஒரு தம்பியின் மூக்கை உடைத்தாள். எல்லாம் அடங்கி, வாயில் ஐஸ்கட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது சொன்னாள்: “அவன் கேட்டது நியாயம்தான். தெரியாத இடத்தைச் சொல்லாம விலை வாங்கினது நம்ம தப்பு.” மறுவாரத்திலிருந்து படம்.

இன்னொன்றும் உண்டு. அது எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வது. வேலை வேண்டாம் என்று யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள், பேர் கெட்டுவிடும். அதற்குப் பதில் விலையை ஏற்றிவிடுவார்கள். அக்கா அதற்கு வாசப்படி விலை என்று பேர் வைத்திருந்தாள். கேட்டவர் தானாகவே வாசப்படி இறங்கிப் போய்விடுவார். வீட்டுக்குள்ளே கேமரா கேட்பவர்களுக்கு அவள் பெரும்பாலும் அந்த விலையைத்தான் சொல்வாள். கைக்குழந்தை, படுத்த படுக்கையான பெரியவர் என்றால் வேறு. மற்றபடி, வாசலைப் பார்க்காமல் சமையலறையைப் பார்க்கக் கேட்கிறவர் கூட இருப்பவர்களை வேவு பார்க்கத்தான் கேட்கிறார் என்பது அவள் கணக்கு. போன வருடம் வரை அந்த விலையை யாரும் ஒத்துக்கொண்டதில்லை.

போன வருடம் டைல்ஸ்காரர் கூப்பிட்டார். ஊரிலேயே பெரிய டைல்ஸ் கடை அவருடையது. மாடி வீடு. வெளியே இரண்டு, உள்ளே ஐந்து என்று கேட்டார்: ஹால், சமையலறை, சாப்பாட்டு மேசை, மாடிப்படி, படுக்கையறைக்கு வெளியே உள்ள நடை. மரியாதையானவர். அக்காவை மேடம் என்றார், என்னைத் தங்கச்சி என்றார். அவர் மனைவி சமையலறை வாசலில் நின்றாள். முப்பது வயது இருக்கும். அந்த வெயிலிலும் மணிக்கட்டுவரை கை வைத்த உடுப்பு. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தபோது டம்ளரை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

அக்கா அவர் கைகளைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். வலது கை விரல் முட்டிகளில் தோல் உரிந்து புதிதாக ஆறியிருந்தது. சாதாரணமாக ஆகும் தொகையைப் போல மூன்று மடங்கைச் சொன்னாள்.

அவர் சிரித்தார். “நான் விலையைக் கேட்டேனா மேடம்? நாளைக்கே ஆரம்பிச்சிடுங்க.”

அட்வான்ஸை எடுத்து மேசைமேல் வைத்தும்விட்டார். அக்கா அதை உடனே எடுக்கவில்லை. சொன்ன விலையிலிருந்து அவள் பின்வாங்கியது கிடையாது. புது வீடு கட்டுகிற எல்லோரும் அவர் கடைக்குத்தான் டைல்ஸ் வாங்கப் போவார்கள், எங்களுக்கு வேலை வருவதும் அந்த வீடுகளிலிருந்துதான். ஆனால் வெளியே வந்து வண்டியைக் கிளப்பும்போது அவள் சொன்னது வேறு. “நாம போகலைன்னா இன்னொருத்தன் போவான். அவன் ஒரு மூலையைக்கூட விட மாட்டான். நான் போனா அந்தப் பொண்ணுக்கு ஒரு இடமாவது விடலாம்.”

சமையலறைக்குப் பின்னால் துணி துவைக்கும் சின்ன அறை ஒன்று இருந்தது. வாஷிங் மெஷின், ஒரு துவைக்கிற கல், கம்பி போட்ட ஜன்னல், ஒரே கதவு. அங்கே ஈரம் ஏறும், கேமரா கெட்டுவிடும் என்று அவரிடம் சொன்னாள். அவர் சரி என்றார். வேலை நடந்த இரண்டாம் நாள், சமையலறையில் ஏணிமேல் நின்று ஸ்க்ரூ முடுக்கிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் அவர் மனைவியிடம் சொன்னாள்: “பின்னாடி ரூம்ல எதுவும் தெரியாதும்மா. மூச்சு விடணும்னா அங்க போய் விட்டுக்கோ.” அந்தப் பெண் நிறைந்திருந்த குடத்தில் மறுபடி தண்ணீர் பிடித்தாள்.

அதே நேரம் நான் ஹாலில் உட்கார்ந்து படத்துக்கு நிழலடித்துக்கொண்டிருந்தேன். எப்போதும் போல. அந்த அறையை எப்போதும் போல வெள்ளையாக விட்டேன். அக்கா எப்போதும் போல கையெழுத்துப் போட்டாள். இருவருக்கும் உறைக்கவில்லை. டைல்ஸ்காரர் மட்டும் படத்தைக் கவனமாகப் பார்த்தார். வெள்ளையின்மேல் விரலை வைத்து, இங்கே மட்டும் எதுவுமே தெரியாதா என்று என்னைக் கேட்டார். நான் தலையாட்டினேன்.

நாலாவது வாரம் சர்வீஸுக்குப் போக வேண்டும். லென்ஸைத் துடைத்து, பதிவு சரியாக விழுகிறதா என்று பார்ப்பது. காலை பத்தரைக்குப் போனோம். டைல்ஸ்காரர் கடையில் இருந்தார். அக்கா ஏணியில் ஏற, நான் மாடிப்படிக்குக் கீழே பதிவுப் பெட்டியின் முன் உட்கார்ந்து பின்னோக்கி ஓட்டினேன்.

பதிவில் சத்தம் கிடையாது. அவர் மத்தியானம் சாப்பிடுகிறார். தட்டைத் தள்ளிவிட்டு எழுகிறார். மனைவியைப் பார்த்து, தலையைப் பின்பக்கமாக லேசாகச் சாய்க்கிறார். அவள் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் நடக்கிறாள். அவர் பின்னால் போகிறார். சமையலறைக் கேமராவில் பின்கதவு மூடுவது தெரிகிறது. ஒன்பது நிமிடம் காலிச் சமையலறை. அவர் வெளியே வந்து குழாயில் கையைக் கழுவி, வாட்சைக் கட்டிக்கொண்டு போகிறார். கால்மணி நேரம் கழித்து அவள் வருகிறாள், சுவரைப் பிடித்துக்கொண்டு. நான் முந்தின நாளுக்கு ஓட்டினேன். அதற்கு முந்தின வாரத்துக்கு ஓட்டினேன். ஏழு கேமராவில் எதிலும் அவர் அவளை விரலால்கூடத் தொடவில்லை. இருபத்தாறு நாளில் பதினொரு தடவை அந்தக் கதவு மூடியது.

“அக்கா, கீழ இறங்கு” என்றேன். என் குரலைக் கேட்டு அவள் ஏன் என்று கேட்காமல் இறங்கினாள்.

பின்னறையில் வாஷிங் மெஷினின் பக்கத் தகடு இரண்டு இடத்தில் உள்வாங்கியிருந்தது. சுவர் டைல்ஸ் பளிங்கு மாதிரி. அதன் இடுக்கில் மட்டும், அவள் தலை உயரத்தில், பழுப்பாக ஊறிப்போயிருந்தது. ஜன்னல் கம்பியில் நீளமான முடி சுற்றியிருந்தது. அந்தப் பெண் வாசலில் வந்து நின்றாள். இடது காதில் பஞ்சு வைத்திருந்தாள், பஞ்சு மஞ்சளாக நனைந்திருந்தது.

அவள் அழவில்லை. நடந்ததைச் சொன்னாள். மூன்று மாதம் முன்னால் அவளுடைய அண்ணன் வந்து சண்டை போட்டாராம். நான் தொடுவதே இல்லை, வேண்டுமானால் வீடு முழுக்கக் கேமரா போடுகிறேன், உன் போனிலேயே பார்த்துக்கொள் என்று டைல்ஸ்காரர் சொன்னாராம். அதற்குத்தான் ஏழு கேமராவும். அதனால்தான் மூன்று மடங்கு விலையும் அவருக்குப் பெரிதாகப் படவில்லை. அவர் அவளை வேவு பார்க்கக் கேட்கவில்லை. தன் யோக்கியதையைக் காட்டக் கேட்டார். அக்கா அந்தக் கையைச் சரியாகப் படித்து, காரணத்தைத் தப்பாகப் படித்துவிட்டாள்.

“அண்ணன் தினமும் பார்க்கிறார் அக்கா. நீதான் பொய் சொல்றேன்னு போன வாரம் சொல்லிட்டார். இனிமே அழுதுகிட்டு அங்க வராதேன்னுட்டார்.” பிறகு, குற்றம் சொல்கிற தொனி இல்லாமல் சொன்னாள்: “அந்த வெள்ளை இடத்தை இவர்தான் எனக்குப் படத்துல காட்டினார். அங்க போன்னு.”

அக்கா துவைக்கிற கல்லில் உட்கார்ந்தாள். அவள் முகம் அப்படி வெளுத்து நான் பார்த்ததில்லை. இப்போதே எங்களோடு கிளம்பு என்றாள். அந்தப் பெண் மறுத்தாள். அண்ணன் கதவைத் திறக்க மாட்டார், இரண்டே நாளில் இவர் வந்து இழுத்துக்கொண்டு போவார், அப்புறம் காது மட்டும் போகாது என்றாள். அடுத்த தடவை தலை அந்தச் சுவரிலிருந்து எழுந்திருக்காது என்பது எங்கள் மூவருக்கும் தெரிந்தது. அவள் அண்ணன் தன் கண்ணால் ஒரு தடவை பார்த்தால் போதும்.

பதிவுப் பெட்டியில் எட்டு கேமராவுக்கு இடம் உண்டு. ஒன்று காலி. அக்கா பையிலிருந்து கட்டைவிரல் அளவு கேமரா ஒன்றை எடுத்தாள். குழாய் சுவருக்குள் போகும் ஓட்டையில் அதைச் செருகி, வயரைச் சமையலறைப் பைப்புக்குள்ளேயே இழுத்தாள். இருபது நிமிடம். விலை பேசவில்லை. நான் போய்ப் பெட்டியில் சொருகினேன். திரையில் எட்டாவது கட்டம் விழித்துக்கொண்டது: மெஷின், கல், ஜன்னல், மூலையில் அக்காவின் தலை. நான் பெட்டிக்குப் போகும் முன் அண்ணனின் எண்ணை அந்தப் பெண் என் கையில் பேனாவால் எழுதியிருந்தாள்.

நாங்கள் யோசிக்காதது ஒன்று இருந்தது. டைல்ஸ்காரரும் போனில் பார்த்துக்கொண்டிருந்தார். ஏணியோடு ஒருத்தியும் தன் மனைவியும் அந்தக் கதவுக்குள் போய் அரைமணி நேரம் வெளியே வராததைப் பார்த்துவிட்டார். எட்டாவது கட்டம் விழித்தபோது அவர் கார் ஓட்டிக்கொண்டிருந்திருக்க வேண்டும், அதை அவர் பார்க்கவில்லை. பன்னிரண்டு பத்துக்கு வாசலில் கார் நின்றது. என்னைக் கடந்து போகும்போது, சர்வீஸ் முடிந்துவிட்டதா தங்கச்சி என்று கேட்டார். பதிலுக்கு நிற்கவில்லை. பின்கதவு மூடும் சத்தம் கேட்டது. தாழ்ப்பாளும் விழுந்தது.

சத்தம் அறையிலிருந்து வந்தது, காட்சி திரையில் தெரிந்தது. அவன் முதலில் மனைவியின் பிடரியைப் பிடித்து முகத்தை மெஷினின் விளிம்பில் இடித்தான். தகடு அதிர்ந்தது எனக்குப் படிக்கட்டுவரை கேட்டது. அக்கா சுத்தியலை ஓங்கினாள். அவன் அந்தக் கையைப் பிடித்து முறுக்கி, தாழ்ப்பாளை நீக்கி, அவள் விரல்களைக் கதவிடுக்கில் வைத்துக் கதவைச் சாத்தினான். திறந்து இன்னொரு தடவை சாத்தினான். அக்கா கத்தினாள். அவள் கத்தி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

நான் அண்ணனைக் கூப்பிட்டேன். யார் என்று கேட்டார். “போன்ல வீட்டைப் பாருங்க. எட்டாவது கட்டம். இப்பவே பாருங்க” என்றேன். பெயர் சொல்லவில்லை, போனை வைக்கவும் இல்லை. மறுமுனையில் மூச்சு நின்றது தெரிந்தது.

திரையில் அவன் மனைவியின் தலையை மறுபடி சுவரை நோக்கி இழுத்தான். அக்கா இடது கையால் தரையில் கிடந்த ட்ரில்லை எடுத்து அவன் தாடையில் அடித்தாள். அவன் கல்லின்மேல் விழுந்தான். எழ முயன்றபோது தோளில் அடித்தாள். காலைப் பிடித்து இழுக்க வந்தபோது முழங்காலில் அடித்தாள். அதுவரை சரி. அதன் பிறகு அவன் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிவிட்டான். அக்கா இன்னும் ஒரு தடவை அடித்தாள், வாயில். பற்கள் சுவரில் பட்டுத் தெறித்தன. அந்தப் பெண்தான், முகமெல்லாம் ரத்தமாக, அக்காவின் இடுப்பைக் கட்டிப்பிடித்து, “போதும் அக்கா, போதும், விடுங்க” என்று பின்னால் இழுத்தாள். நான் ஓடிப்போய்க் கதவைத் தள்ளியபோது மூன்று பேரும் தரையில் இருந்தார்கள்.

அண்ணன் போலீஸோடு வந்தார். தங்கையின் முன்னால் முழங்கால் போட்டு உட்கார்ந்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை.

அக்காவின் கையைத் தைத்துக் கட்டிய மறுநாள் வக்கீல் வந்தார், அண்ணன் அமர்த்தியவர். பதிவைப் பார்த்துவிட்டு, எட்டு நிமிடத்தில் கடைசி இருபது நொடிதான் தொல்லை என்றார். கையைத் தூக்கிய ஆளை அடித்தது அதில் தெளிவாக இருக்கிறது. பதிவு இருந்த டிஸ்க் இன்னும் எங்கள் கையில்தான் இருந்தது. “அந்த இருபது செகண்டை மட்டும் எடுத்துடுங்களேன். உங்களுக்குத் தெரியாத வேலையா?”

அக்கா தெரியும் என்றாள். “எடுத்தா பதிவுல ஓடுற நேரம் குதிக்கும் சார். அவன் வக்கீல் முதல்ல அதைத்தான் கேட்பான். இருபது செகண்டு பொய்னா மிச்சமும் பொய்னு ஆயிடும். அப்புறம் இந்தப் பொண்ணு மறுபடி அந்த வீட்டுக்குத்தான் போகணும்.” வக்கீல், நீங்கள் உள்ளே போக வேண்டிவரும் என்றார். “போறேன். ஏற்கெனவே ஒரு தடவை என் வேலையை வச்சுத்தான் அவ அடி வாங்கினா.”

டிஸ்க்கை அப்படியே கொடுத்தோம். ரசீது வாங்கி நான்தான் கையெழுத்துப் போட்டேன்.

டைல்ஸ்காரன் ஐந்து மாதம் உள்ளே இருந்துவிட்டு ஜாமீனில் வந்திருக்கிறான். ஊருக்குள் வரக் கூடாது என்பது நிபந்தனை. கடையை அவன் தம்பி நடத்துகிறான். கொலை முயற்சி வழக்கு நடக்கிறது, பதிவைக் கோர்ட் ஏற்றுக்கொண்டது. அந்தப் பெண் அண்ணன் வீட்டு மாடியில் தனிச் சமையலோடு இருக்கிறாள். இடது காது கேட்காது. அக்கா பத்தொன்பது நாள் உள்ளே இருந்தாள். அவள்மேலும் வழக்கு இருக்கிறது, திங்கள்கிழமைதோறும் ஸ்டேஷனுக்குப் போய்க் கையெழுத்துப் போடுகிறாள். வலது கையில் இரண்டு விரல் மடங்காது, அதனால் ட்ரில் பிடிக்க முடியாது. ஏணியில் நான் ஏறுகிறேன். புது வீடுகளிலிருந்து வேலை வருவது பாதியாகக் குறைந்துவிட்டது. இரண்டு வழக்குக்கும் அடுத்த விசாரணை வருகிற பன்னிரண்டாம் தேதி.